திரையில் ஓடிய கோடு கோப்பில் இருக்கிறதா? லேப்வியூ பயன்படுத்தும் மாணவர்களுக்கு

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘லேப்வியூ’ என்ற பெயர் காதில் விழுந்திருக்கலாம். வெப்பநிலை, அழுத்தம், மின்னழுத்தம் போன்ற அளவுகளை உணர்கருவிகளிலிருந்து பெற்றுக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள் அது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரைச் சேர்ந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986ல் மெக்கின்டாஷ் கணினிக்காக அதை வெளியிட்டது. 2023 முதல் அந்நிறுவனம் எமர்சன் வசம் உள்ளது. லேப்வியூவில் நிரலை வரி வரியாக எழுதுவதில்லை. கட்டங்களை வைத்து, கம்பி இழுப்பதுபோல் அவற்றைக் கோடுகளால் இணைக்கிறார்கள். தமிழ் படித்த எனக்கே பார்த்தவுடன் பாதி புரிந்தது.

மாணவர்கள் இதில் ஏமாறும் இடம் ‘வேவ்ஃபார்ம் சார்ட்’. அளவுகள் வர வர, கோடு திரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் பதிவாகிறது என்றே தோன்றும். ஆனால், அமைப்பை மாற்றாவிட்டால் சார்ட் வைத்திருப்பது கடைசி 1,024 புள்ளிகளை மட்டுமே. புதியது வந்தால் பழையது போய்விடும்.

நொடிக்கு ஓர் அளவு என்று வைத்து, மாலை 6 மணிக்குச் சோதனையைத் தொடங்கிவிட்டு மறுநாள் காலை 8 மணிக்கு வந்தால் 50,400 அளவுகள் வந்திருக்கும். சார்ட்டில் மிஞ்சியிருப்பது கடைசி 17 நிமிடங்கள்தான். இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஓர் இரவு வீண்.

சார்ட்டின்மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து ‘சார்ட் ஹிஸ்டரி லெங்த்’ எண்ணைக் கூட்டலாம். எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும் வசதியும் அங்கேயே உண்டு. பத்து நிமிட வகுப்புச் சோதனைக்கு அது போதும். நீண்ட சோதனைக்கு அதை நம்ப வேண்டாம், ஏனெனில் அந்தத் தரவு கணினியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போகும்.

சரியான வழி, சார்ட்டுக்குப் போகும் கம்பியிலிருந்தே ஒரு கிளை பிரித்துக் கோப்பில் எழுதும் கட்டத்துக்குக் கொடுப்பது. தொடக்கநிலையினர் பெரும்பாலும் எடுப்பது ‘ரைட் டெலிமிட்டட் ஸ்ப்ரெட்ஷீட்’. அதில் இரண்டு பொறிகள் உள்ளன. ‘அப்பெண்ட் டு ஃபைல்’ என்ற உள்ளீட்டை ‘ட்ரூ’ என்று மாற்றாவிட்டால், ஒவ்வொரு முறையும் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். காலையில் திறந்தால் ஒரே ஒரு வரி இருக்கும். கோப்பின் முகவரியைக் கொடுக்காவிட்டாலோ, ஒவ்வொரு சுற்றிலும் எங்கே சேமிப்பது என்று கேட்டு நிற்கும்.

இந்தக் கட்டம் ஒவ்வொரு வரிக்கும் கோப்பைத் திறந்து மூடுகிறது. நொடிக்கு ஓர் அளவுக்குப் பரவாயில்லை. நொடிக்கு ஆயிரம் என்றால் தாங்காது. அப்போது சுழற்சிக்கு வெளியே ஒருமுறை கோப்பைத் திறந்து, உள்ளே எழுதிக்கொண்டே இருந்து, முடிந்தபின் மூடவேண்டும். அந்த வேகத்துக்கு ‘டிடிஎம்எஸ்’ என்ற கோப்பு வகையே பொருத்தம். எக்செல் ஒரு தாளில் 1,048,576 வரிகளுக்குமேல் ஏற்காது. நொடிக்கு ஆயிரம் வரி என்றால் அது நிரம்ப 17 நிமிடங்களுக்குச் சற்று அதிகமே ஆகும். மறுபடியும் அதே 17!

வேகம் கூடும்போது அளப்பதையும் எழுதுவதையும் இரு தனிச் சுழற்சிகளாகப் பிரித்து, நடுவில் ‘கியூ’ வைப்பது வழக்கம். காப்பிக்கடையில் ஆர்டர் எடுப்பவரே காப்பியும் கலக்கினால் வரிசை நீளுமல்லவா? ஒருவர் சீட்டை வைக்க, மற்றவர் எடுத்துச் செய்வதுபோலத்தான் இது.

பலரைக் குழப்பும் இன்னொன்று நேரம். லேப்வியூ நேரத்தை, அனைத்துலக நேரப்படி 1904 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாகக் கணக்கிடுகிறது. அதை வெறும் எண்ணாக எழுதினால் எக்செலில் முந்நூறு கோடிக்கும் அதிகமான ஓர் எண் தெரியும். அதை 86,400ஆல் வகுத்து, 1,462ஐக் கூட்டி, நம் நேரத்துக்காக 8 மணி நேரத்தையும், அதாவது 8/24ஐ, சேர்த்தால் சரியான தேதியும் மணியும் கிடைக்கும். எக்செலில் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்ற மறக்கவேண்டாம்.

நிறுத்தும்போது மேலே உள்ள சிவப்பு ‘அபார்ட்’ பொத்தானைத் தொடவேண்டாம். அது நிரலைப் பாதியில் வெட்டிவிடும். கோப்பை மூடும் கட்டம் இயங்காமலே போகும். நிரலிலேயே ஒரு ‘ஸ்டாப்’ பொத்தான் வைத்து அதை அழுத்துங்கள்.

இரவுச் சோதனையைத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்திக் கோப்பைத் திறந்து பாருங்கள். நொடிக்கு ஓர் அளவு என்றால் ஏறக்குறைய 120 வரிகள் இருக்கவேண்டும்.