முறைக்காய்ச்சல் – 7: வயலில் நட்ட மூங்கில் குச்சிகள்

1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். வானம் பார்த்த பூமியாகக் கிடந்த பட்டுக்கோட்டை வட்டத்துக்குப் புதுக் கால்வாயில் காவிரி வந்தது. நெல் விளைந்தது. கூடவே முறைக்காய்ச்சல் எனும் மலேரியாவும் வந்தது. அறுவடைக்கு இறங்க வேண்டியவர்கள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தார்கள்.

தண்ணீர்தான் காரணமா? திருக்கழுக்குன்றத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். வேதகிரி மலைமேல் நின்றால் ஏரியும் வயலும் தெரிகின்றன, அடிவாரத்தில் சங்கு தீர்த்தம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் இருந்தால் மட்டும் மலேரியா வந்துவிடாது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில், எப்போது முட்டையிடுகிறது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியோடு பட்டுக்கோட்டைக்கு வந்தவர் டாக்டர் பால் ரஸ்ஸல். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மலேரியா நிபுணர். அவரோடு வேலை செய்தவர்களில் முக்கியமானவர் டி. ராமச்சந்திர ராவ்.

அந்தக் காலத்தில் ஓர் ஊரின் நிலையை அறியப் பிள்ளைகளின் வயிற்றைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். வரிசையாக நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்துவார்கள். மண்ணீரல் வீங்கியிருந்தால் கட்டியாகத் தட்டுப்படும். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கட்டி என்பதே ஊரின் காய்ச்சல் கணக்கு.

குற்றவாளி அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு. ரஸ்ஸலும் ராவும் கவனித்தது இது: நாற்று நட்ட புதிதில் வயல் நிறையக் கொசுப் புழுக்கள் இருந்தன. பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் அவை காணாமல் போயின. நிழல்தான் காரணமோ? சோதித்துப் பார்க்கத் தண்ணீரில் மூங்கில் குச்சிகளைச் செங்குத்தாக, நெருக்கமாக நட்டார்கள். கொசு முட்டையிடவில்லை. அது தண்ணீரின் மேல் பறந்தபடியே முட்டையை உதிர்க்கும் இனம். நிழலல்ல, தடைதான் காரணம்: குறுக்கே குச்சிகள் நின்றால் அதற்குப் பறக்க இடமில்லை. ஒரு பெரிய தொற்றின் ரகசியம், வயல் வரப்பில் பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்குத்தான் பிடிபட்டது. பட்டுக்கோட்டைக்காரர்கள்கூட இன்று மறந்துவிட்ட இந்தச் சோதனையை நம் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பேன்.

அடுத்தது வீடு. வயிறு முட்டக் குடித்த கொசு வீட்டுக்குள்ளும் மாட்டுக் கொட்டகையிலும்தான் ஒதுங்குகிறது. செவந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பைரெத்ரம் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து வீட்டுக்குள் அடித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. ஏழை ஊருக்கும் கட்டுப்படியாகும் வழி ஒன்று தஞ்சாவூர்ச் சீமையில் நிரூபணமானது.

பிறகு உலகப் போர். ரஸ்ஸல் அமெரிக்க ராணுவத்துக்குப் போனார். போர் முடிந்தபோது டிடிடி என்ற பூச்சிக்கொல்லி கைக்கு வந்திருந்தது. ஒரு முறை சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் கொல்லும். வயலைக் கவனிக்கும் வேலை பின்னுக்குப் போனது. என்னைக் கேட்டால், பெரிய தவறு நடந்தது அங்கேதான்.

1953-ல் இந்தியா தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க உதவியும் உலக சுகாதார நிறுவனமும் தோள் கொடுத்தன. 1955-ல் அந்த நிறுவனம் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிப்பதாக அறிவித்தது. ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைப் படுக்கவைத்ததாக மதிப்பிடப்பட்ட நோய், 1965-ல் இந்தியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு மட்டுமே வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் வெற்றி இன்னும் பெரிது. 1934-35-ல் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கையில், 1963-ல் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். இனி எதற்கு என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் அந்தத் தீவில் என்ன நடந்தது?

(அடுத்த வாரம்)