பிழையில் பிறந்த ‘சரி’

1838-ல் பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் முளைத்தது. பெயர், மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம். பெயரைக் கேட்டால் மணிச்சத்தம் பிடிக்காதவர்களின் கூட்டம் என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். சாப்பாட்டு மணி அடிக்கக் கூடாது என்ற நகரச் சட்டத்தை எதிர்ப்பதுதான் அவர்கள் வேலை. எதையும் தலைகீழாகச் சொல்லிச் சிரிப்பது அன்றைய பாஸ்டன் இளைஞர்களின் வழக்கம். அந்த வழக்கம் உலகத்துக்கே ஒரு சொல்லைக் கொடுக்கப் போகிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் சங்கத்தார் சிலர் நியூயார்க் புறப்பட்டார்கள். போகும் வழியில் தங்கள் ஊருக்கு வருவார்கள் என்பதுபோல பிராவிடன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன் அதை மறுத்து நாலு வரி எழுதினார். ஒருவேளை அவர்கள் திரும்பும்போது பிராவிடன்ஸ் பக்கம் வந்தால், அந்தப் பத்திரிகை ஆசிரியர்தான் பாட்டில் மூடிகளைப் பறக்கவிட்டு உபசரிக்க வேண்டியிருக்கும் என்று கிண்டலடித்தார். எழுதிய வேகத்தில், வாக்கியத்தின் நடுவே இரண்டு சின்ன எழுத்துகளைப் போட்டு, பக்கத்திலேயே அதற்குப் பொருளும் கொடுத்தார். 1839 மார்ச் 23, சனிக்கிழமை. பத்திரிகையின் இரண்டாம் பக்கம். அன்று அதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

அவர்கள் சிரிப்புக்குக் காரணம் உண்டு. அந்த நாளில் பாஸ்டன் பத்திரிகைகளை ஒரு பைத்தியம் பிடித்து ஆட்டியது: எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்குவது. அற்ப விஷயத்தை ‘ஸ்மால் பொட்டேட்டோஸ்’ என்பார்கள்; அது ‘எஸ்.பி.’ ஆனது. ஊரைவிட்டுக் கம்பி நீட்டியவன் ‘கான் டு டெக்சஸ்’, அவன் ‘ஜி.டி.’ ஆனான். சுருக்கம் அலுத்தபோது எழுத்துப்பிழையையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘ஆல் ரைட்’ என்பதை ஓ-விலும் டபிள்யூ-விலும் தொடங்கித் தப்பாக எழுதி, அதிலிருந்து ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். படிப்பறிவு குறைந்த ஒருவன் எழுதியதைப்போல் வேண்டுமென்றே எழுதுவதுதான் வேடிக்கை. கிரீன் எடுத்துக்கொண்டது ‘ஆல் கரெக்ட்’ என்ற தொடரை. ஏ-வுக்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே. தமிழில் ‘சரி’ என்பதை வல்லின றகரம் போட்டு ‘சறி’ என்று எழுதினால் எப்படியோ, அப்படி. எல்லாம் சரி என்று சொல்ல வந்த இரண்டு எழுத்தில் இரண்டுமே தப்பு. அந்தத் தப்புதான் ‘ஓ.கே.’

மோகங்கள் வந்த வேகத்தில் போகும். ஜி.டி. போயிற்று, ஓ.டபிள்யூ. போன இடம் தெரியவில்லை. ஓ.கே.யும் சில மாதங்களில் அதே குழிக்குள் போக வேண்டியதுதான். அதைக் கைதூக்கிவிட்டவர், அமெரிக்காவின் ஜனாதிபதி.

எட்டாவது ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற டச்சுக் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் பேசி வளர்ந்தது டச்சு மொழி. ஆங்கிலம் பிறகு கற்றது. 1840-ல் அவர் இரண்டாம் முறை தேர்தலில் நின்றபோது காற்று அவருக்கு எதிராக வீசியது. 1837-ல் வெடித்த பொருளாதார நெருக்கடியின் பழி அவர் தலைமேல் இருந்தது. அவருக்கு முன்பிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு ‘ஓல்டு ஹிக்கரி’ என்று மக்கள் வைத்த செல்லப்பெயர் பெரிய பலமாக இருந்தது. அதேபோல் வான் பியூரனுக்கும் ஒன்று வேண்டுமே? ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்றார்கள் தொண்டர்கள். முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ஷ்டம் கண்ணெதிரே நின்றது.

1840 மார்ச்சிலேயே நியூயார்க்கில் ‘ஓ.கே. கிளப்’ பிறந்தது. நம் ஆள் ஓ.கே. என்றால் அவர் கிண்டர்ஹுக்காரர் என்றும் ஆகும், எல்லாம் சரியானவர் என்றும் ஆகும். சில நாளிலேயே கிளப்பைச் சேர்ந்த முரட்டுத் தொண்டர்கள், எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் ‘ஓ.கே.’ என்று முழங்கியபடி புகுந்து கலாட்டா செய்தார்கள். விக் கட்சியினரும் சும்மா இருக்கவில்லை. கிரீனின் அதே எழுத்துப்பிழை வித்தையைக் கையில் எடுத்து, அந்த இரண்டு எழுத்துக்கும் ‘கையில் காசில்லை’, ‘பயங்கரப் பேரழிவு’ என்று விதவிதமாக விரிவு சொன்னார்கள். ஜாக்சனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ‘ஆல் கரெக்ட்’ என்பதைத் தப்பாக நினைத்துத்தான் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதினார் என்று ஒரு நியூயார்க் பத்திரிகை கதை கட்டியது. முழுப் பொய். ஆனால் பாஸ்டனின் நிஜக் கதையை அந்தப் பொய் தின்றுவிட்டது. ஓ.கே. எங்கே பிறந்தது என்ற நினைவே மறையத் தொடங்கியது.

தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234 தேர்வாளர் வாக்குகள்; இவருக்கு 60. தலைவர் ஊருக்குத் திரும்பினார், கிளப்புகள் கலைந்தன. சொல்லை மட்டும் நாடு முழுவதும் தெரிந்துவைத்திருந்தது. தெரிந்த சொல்லுக்கு இப்போது ஒரு வேலை தேவைப்பட்டது.

அந்த வேலையைக் கொடுத்தது ஒரு கம்பி. 1844-ல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். கம்பிகள் ஊர் ஊராகப் போயின. தந்தியில் ஒரு சிக்கல் இருந்தது: அனுப்பிய செய்தி மறுமுனையில் சேர்ந்ததா இல்லையா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. சேர்ந்தது, சரியாக இருக்கிறது என்று சொல்ல, குழப்பமில்லாத மிகச் சிறிய சொல் ஒன்று வேண்டும். அன்றைய அமெரிக்க மோர்ஸ் முறையில் ஓ என்பது இடைவெளி விட்ட இரண்டு புள்ளிகள். கே என்பது கோடு, புள்ளி, கோடு. விரல் ஐந்தே முறை தட்டினால் போதும். ரயில்களை ஓட்டிய கம்பிகளிலும் அதே தட்டல்தான். இரவும் பகலும் தந்தி நிலையங்களில் ஓ.கே. ஒலித்தது. அரசியல் கேலியாகப் போனது, தொழிலின் சொல்லாகத் திரும்பி வந்தது.

தந்தி அறையில் கிடைத்த மரியாதை எழுத்தாளர் மேசையில் கிடைக்கவில்லை. லூயிசா மே ஆல்காட் தன் ‘லிட்டில் விமன்’ நாவலில் ஒரு பெண்ணின் கடிதத்தில் அதைப் பயன்படுத்தினார். பின்னால் வந்த திருத்திய பதிப்பில் அது நீக்கப்பட்டு, வேறு நாகரிகச் சொல் வந்து உட்கார்ந்தது. குடும்பப் பெருமை இல்லாத சொல்லை வீட்டுக்குள் விடுவார்களா? அதனால் சிலர் அதற்கு ஒரு நல்ல குடும்பத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

சாக்டா என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது என்றார் ஒருவர். கிரேக்கம் என்றார் இன்னொருவர். ஹைட்டி நாட்டின் துறைமுகப் பெயர் என்றும், ஒரு ரயில்வே குமாஸ்தாவின் கையெழுத்து என்றும் கதைகள் கிளம்பின. ஜனாதிபதி உட்ரோ வில்சன் சாக்டா கதையை முழுதாக நம்பினார். கோப்புகளை ஒப்புக்கொள்ளும்போது ‘ஓகே’ என்ற உச்சரிப்பைக் காட்டும்படி, சாக்டா வடிவம் என்று தான் கருதிய முறையில் கூடுதல் எழுத்துகள் சேர்த்து எழுதினார். அதுவே சரியான எழுத்து என்பது அவர் எண்ணம். பிழையாகவே பிறந்த ஒன்றைத் திருத்தப் பார்த்தார் என்பது அவருக்குத் தெரியாது.

பொய்க்கதைகளின் காட்டுக்குள் விளக்கேந்திப் போனவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, 1941-ல் விடையை வெளியிட்டார்: ஓல்டு கிண்டர்ஹுக். வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு, தேர்தலுக்கு முந்தைய 1839-ல் அச்சான ஓ.கே.க்கள் தலைகாட்டின. கிளப் பிறப்பதற்கு முன்பே சொல் பிறந்துவிட்டது!

ரீட் தன் விடையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. திரும்பவும் பழைய தாள்களுக்குள் இறங்கினார். 1963-லும் 1964-லும் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகள் மணியடிப்புச் சங்கத்தையும், கிரீனின் நாலு வரியையும், 125 ஆண்டு மறதியிலிருந்து மீட்டன. சொல்லுக்கு ஊரும் தேதியும் கிடைத்தன.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1969 ஜூலை 20 அன்று ஈகிள் கலம் நிலவின் தரையைத் தொட்டது. தொட்டதைக் காட்டும் விளக்கு எரிந்தது. இயந்திரத்தை நிறுத்தும் அந்த நொடியில், பஸ் ஆல்ட்ரின் எதையும் யோசிக்காமல் சொன்ன சொற்களில் ஒன்று ‘ஓகே’. பிராவிடன்ஸ் வரை போகுமா என்று தெரியாமல் ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதிவைத்த எழுத்துப்பிழை, நிலவு வரை போய்ச் சேர்ந்திருந்தது.