1902-க்குப் பின்னும் கொதித்த நீர்: கோலார் தங்கவயலில் நீராவிப் பாதுகாப்பு

கோலார் தங்கவயலின் நீராவிக் காலத்துக்கு 1902 ஜூன் மாதத்தோடு முற்றுப்புள்ளி வைப்பது வரலாற்று எழுத்தில் வழக்கமாகிவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பிவழியே வந்தது, பாயிலர்கள் அணைந்தன, வெடிப்பின் அச்சமும் அகன்றது என்பது அந்த வாசிப்பு. இதன் முதற்பகுதியோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. விறகையும் நிலக்கரியையும் நம்பித் தாதுவை இடித்த ஆலைகளுக்கு மின்சாரம் விடுதலைதான். ஆனால் இவ்வாசிப்பு சுரங்க வாசலிலேயே நின்றுவிடுகிறது. பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காரப்பேட்டை) தங்கவயலின் மாரிக்குப்பம் வரை 1894-இல் திறந்த சுமார் 10 மைல் தண்டவாளத்தில் மின்சாரம் வந்த பின்னரும் ஓடியது நீராவி இன்ஜின்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களை ஏற்றிச் சென்ற பாயிலர் அது.

அவ்வாசிப்பின் பெரிய பிழை வேறொன்று. வெடித்த செய்தி இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று அது கொள்கிறது. இதை மறுக்க 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டத்தின் ஒரு வரையறை போதும். அச்சட்டத்தின் பின்னணி இது: 1863-இல் கல்கத்தாவில் பாயிலர் வெடித்து 13 பேர் இறந்தனர். மறுஆண்டே வங்காளம் ஆய்வுச் சட்டம் இயற்றியது. மாகாணத்துக்கொன்றாகப் பெருகிய விதிகளை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றாக்கியது. அதில் ‘விபத்து’ என்ற சொல்லுக்குத் தந்த பொருளுக்கு இரண்டு பாதிகள். ஒன்று வெடிப்பு. மற்றது, வெடிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுபோகும் அளவுக்குப் பாயிலரின் வலுவைக் குறைக்கும் எந்தச் சேதமும். இரண்டையும் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒருவர்கூடக் காயப்படாத தகட்டு வீக்கமும் இதன்படி விபத்தே. வெடிப்பை மட்டும் எண்ணும் வரலாறு விபத்தின் மறுபாதியைக் கணக்கில் விட்டுவிடுகிறது.

இச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது, மைசூரோ சமஸ்தானம். இரயில்வே பாயிலர்களுக்கு அறிவிக்கை வழியே விலக்களிக்கவும் அதிலேயே இடமுண்டு. எனவே தங்கவயல் இன்ஜினை இது கட்டுப்படுத்தியதாக நான் வாதிடவில்லை. அக்காலத்துப் பொறியாளர் எதை விபத்தென்று கருதினர் என்பதற்குச் சாட்சியாகவே கொள்கிறேன். அக்கருத்து 1923-க்கு எவ்வளவு முந்தியது என்ற கேள்வியை முடிக்காமலே விடுகிறேன்.

கோலாரில் பாயிலரின் வலுவைக் குறைக்கக்கூடியது தண்ணீர். அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலார் வறண்ட நாடு. அங்கே கிணறு தரும் கடின நீர் கொதிக்கக் கொதிக்க உட்சுவரில் பொருக்காகப் படியும். பொருக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே நீர் நின்றாலும் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி இளகும். நீர்மட்டம் தாழ்ந்தால் உருகி நீராவியை நெருப்பின்மேல் பாய்ச்சி எச்சரிக்க, நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று உண்டு. பொருக்கு மூடினால் அதையும் நம்ப முடியாது.

நீர்மட்டக் கண்ணாடியும் பொய் சொல்லும். அதற்காகத்தான் பயர்மேன் அடித்திருகைத் திறந்து கண்ணாடியைக் காலி செய்து மூடுவார். நீர் சட்டென்று ஏறினால் வழி சுத்தம். தயங்கித் தயங்கி ஏறினால் துவாரம் அடைபடத் தொடங்கிவிட்டது, கண்ணில் படும் மட்டத்தை நம்பக்கூடாது. இந்தச் சில நொடிச் சோதனைதான் ஓடும் இன்ஜினின் பாதுகாப்பு. பாயிலர் வெடிக்காமல் போனதற்கு மின்சாரத்தைவிட இச்சோதனையைச் செய்த கைகளே காரணம் என்பது என் முடிபு.

பங்காரப்பேட்டை, மாரிக்குப்பம், ஜோலார்பேட்டைப் பக்கம் இன்ஜின் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் பாயிலர் கழுவிய குறிப்பேடோ, தாத்தா சொன்ன கண்ணாடிச் சோதனைக் கதையோ இருந்தால், இடம், ஆண்டோடு எழுதி வையுங்கள். என் முடிபைத் திருத்துவதாக இருந்தாலும் எழுதி வையுங்கள்.