விளம்பரமும் வில்லங்கமும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு பகுதி இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஏரி கிடையாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அந்த ஏரியும் ஏரியோரமும் மனைகளாயின. நீதிக் கட்சி ஆட்சியில் உருவான தியாகராய நகர் அந்த வரிசையில் வந்ததுதான். அங்கே அன்று மனை வாங்கியவரின் பேரனுக்கு, ஏரிக்குள் குடியிருக்கிறோமே என்று தூக்கம் கெடுவதில்லை. 1990-களில் புறநகர் ஏரி ஒன்றின் விளிம்பில் அதே ஆசையோடு அரை கிரவுண்டு வாங்கியவரோ, ஆக்கிரமிப்பு நோட்டீஸ் எப்போது வாசலில் ஒட்டப்படுமோ என்று காத்திருக்கிறார். மண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதலாவதை மனையாக்கியது அரசு; அதனால் பதிவேடும் மாறியது. இரண்டாவதில் வாய்வார்த்தை மட்டும் மாறியது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த இடம் இன்னும் நீர்நிலைப் புறம்போக்கு.

கைபேசியில் நிலம் பார்க்கத் தொடங்கும் புதியவருக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் கடைவிரிப்பைப் பற்றியவை: எந்தத் தளத்தில் தேடலாம், எந்தப் பகுதி விலை ஏறும், படம் எப்படிப் போட்டால் வாங்குபவர் கூப்பிடுவார். நம் ஊர் நில வியாபாரத்தின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. விளம்பரத்துக்கு ஒரு வரலாறும் பதிவேட்டுக்கு ஒரு வரலாறும் தனித்தனியே ஓடியிருக்கின்றன. புதிதாக வந்த ஒவ்வொரு ஊடகமும் முதலில் விற்பவர் கைக்குத்தான் போனது. இணையமும் அப்படித்தான் வந்தது. ஆனால் அது கூடவே, அதிக சத்தமில்லாமல், பதிவேட்டையும் வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. இணையம் நில வியாபாரத்தில் செய்த பெரிய மாற்றம் அதுதான் என்பது என் கட்சி.

பதிவேட்டின் கதை பழையது. சோழர் காலத்தில் ஊர்ச்சபைகள் நிலம் விற்றதைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். விற்பனைச் சீட்டுக்கு விலையாவணம் என்று பெயர். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு எல்லைகளையும் சொல்லி, அதற்குள் அடங்கியதை விற்றோம் என்று எழுதும் முறை அதில் இருக்கிறது. இன்று சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் ஆவண எழுத்தர் தட்டச்சு செய்யும் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரமும், செக்குபந்தி என்ற வேறு பெயரில், அதே நான்கு எல்லையைத்தான் சொல்கிறது. கல்வெட்டுக்கு ஒரு வசதி இருந்தது: ஊரே கண்ணால் பார்க்கும் இடத்தில் அது நின்றது. யார் எதை யாருக்கு விற்றார் என்பது கோயிலுக்கு வருகிறவர் எல்லாருக்கும் திறந்த செய்தி.

கம்பெனி ஆட்சியின் அக்கறை வேறு. 1792-ல் பாரமகால், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவருக்கும் பட்டா வந்தது. இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வசூலிப்பது என்ற கேள்விக்கான பதில்தான் பட்டா. நிலம் யாருடையது என்பது வேறு கேள்வி. அதற்குப் பட்டா தானாகப் பதில் சொல்லிவிடாது என்று நீதிமன்றங்கள் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுதும் நடந்த நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணியில், யு.டி.ஆர். என்றால்தான் ஊரில் புரியும், ஒருவர் நிலம் அடுத்தவர் பெயரில் ஏறிய பிழைகள் ஏராளம். நாற்பது ஆண்டு கழித்தும் அவற்றுக்குத் திருத்த மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன.

பத்திரப்பதிவு தனி ஓடை, தனித் துறை. 1864-ல் தொடங்கிப் பல சட்டங்கள் மாறி, 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் வந்து நின்றது. அதே சட்டம்தான் இன்றும். அதன்படி சார்பதிவாளர் பார்ப்பது எழுதிக்கொடுத்தவர் அவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியா என்பவற்றை. விற்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை. இது தவிர்க்க முடியாத ஏற்பாடு அன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே ராபர்ட் டாரன்ஸ் வேறு முறையைக் கொண்டுவந்துவிட்டார்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. இந்தியா அந்த வழியில் போகவில்லை. பத்திரத்தைப் பதிவு செய்வதோடு நின்றுகொண்டது. தமிழக அரசு 2022-ல் 55-ஏ என்றொரு விதியைச் சேர்த்து, முந்தைய மூலப் பத்திரத்தையும் பத்து நாளுக்குள் எடுத்த வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிவு என்று இறுக்கப் பார்த்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதி 1908-ம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்பதே அதன் அடிப்படை. 'பதிவு ஆகிவிட்டதே, இனி என்ன பயம்' என்று நினைக்கும் புதியவர், அரசு எந்தக் காலத்திலும் கொடுக்காத உத்தரவாதம் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்.

விளம்பரத்தின் ஓடை இதைப்பற்றி என்றுமே கவலைப்பட்டதில்லை. பத்திரிகையின் வரி விளம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடம் என்றது. எந்த வண்டியில் என்று சொல்லவில்லை. பிறகு வந்தது இலவச வேன் காலம். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன், மதியம் பிரியாணி, நடுவில் நிலம். நெல் விளைந்த வயலில் வண்ணக் கொடி கட்டிய கல், ஆளுயரத் தென்னங்கன்று, நுழைவாயிலில் 'நகர்' என்று முடியும் பெயரோடு சிமென்ட் வளைவு. தொலைக்காட்சியில் சின்னத்திரை முகங்கள் பின்னால் கைகாட்டி நடக்க, மாதத் தவணையில் மனையும் கூடவே தங்கக் காசும். அப்ரூவல் உண்டா என்று கேட்டால் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பதில் தயாராக இருந்தது. 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி மனைப்பிரிவுக்கு அனுமதி நகர் ஊரமைப்புத் துறை வழியாகவோ, சென்னைப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. வழியாகவோ வரவேண்டும், பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. ஆனால் அந்த முத்திரை குத்திய வரைபடத்தை வைத்துப் பத்திரமும் பதிவானது. சார்பதிவாளருக்கு அதைக் கேட்கும் கடமை அன்று இல்லை என்பதை முந்தின பத்தியிலேயே பார்த்தோம்.

நிலத்தைப் பார்க்காமலே நிலத்தில் முதலீடு செய்யும் பழக்கமும் இணையத்தோடு வந்ததென்று நினைத்துவிடக் கூடாது. 1990-களில் தேக்குத் தோட்டத் திட்டங்கள் தபாலில் வந்த சான்றிதழ் வழியாகவே மரமும் மண்ணும் விற்றன. அவை சரியத் தொடங்கிய பிறகே, 1999-ல், கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதிமுறை எழுதியது. விவசாய நிலத்தின் பேரில் நாடெங்கும் முகவர்கள் மூலம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்துக்கு 2014 ஆகஸ்டில் செபி போட்ட உத்தரவு 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னது. பணம் போட்டவர்கள் ஏறத்தாழ 5.85 கோடிப் பேர். இவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயரில் ஒரு சர்வே எண்ணைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? இந்த வசூலுக்கு இணையதளமே தேவைப்படவில்லை. முகவர் என்ற உறவுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும்.

கடைசியில் கடிவாளம் வந்தது, வழக்கம்போலத் தாமதமாக. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. தமிழகத்தின் பத்திரப்பதிவு அலுவலகங்கள் பல மாதங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணத்தோடு ஒரு வழி திறந்தது. அதே மாதம் முதல் தேதியில்தான் ரெரா என்கிற மனை வணிகச் சட்டமும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் சுவையான பகுதி விளம்பரத்தைப் பற்றியது: 500 சதுர மீட்டருக்கோ எட்டு வீட்டுக்கோ மேற்பட்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரி பளிச்சென்று இருக்க வேண்டும், பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு உண்டு. இரண்டு ஓடைகளையும் ஓரிடத்தில் இணைக்கச் சட்டம் செய்த முதல் உருப்படியான முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒருவர் தன் பழைய மனையை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்தால் ரெரா அங்கே எட்டிப் பார்க்காது. கைபேசித் தளங்களில் குவிந்து கிடப்பதில் பெரும்பகுதி இந்த வகை.

வீடு, மனை விளம்பரத் தளங்களான 99 ஏக்கர்ஸ் 2005-லும் மேஜிக்பிரிக்ஸ் 2006-லும் தொடங்கின. வரி விளம்பரத்துக்குப் படமும் வரைபடமும் தேடுபெட்டியும் கிடைத்தன. தரகரின் நோட்டுப் புத்தகம் திரைக்கு வந்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2000-ல், தமிழகப் பதிவுத்துறை ஸ்டார் என்ற பெயரில் கணினிமயத்தைத் தொடங்கியிருந்தது. 2018 பிப்ரவரியில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன்பின் வீட்டிலிருந்தபடியே மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று நிரப்பினால் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பட்டாவும் அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் வருவாய்த்துறையின் தளத்தில் கிடைக்கின்றன. கோயில் சுவரை விட்டு அலுவலக அலமாரிக்குள் போன செய்தி மறுபடி எல்லாரும் பார்க்கும் இடத்துக்கு வந்தது. தளங்களின் பளபளப்பு இந்த அரசுப் பக்கங்களுக்குக் கிடையாது. பாதி நேரம் கேப்சா எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. போகட்டும்.

அந்த வில்லங்கத் தாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக்கொடுத்தவர், எழுதிப்பெற்றவர் பெயர்கள், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, கீழே எல்லை விவரம். 'கிழக்கே 23 அடி சாலை, மேற்கே மனை எண் 14' என்று வரும். ஒரே மனையை இருவருக்கு விற்றிருந்தால் இங்கே இரண்டு வரி இருக்கும். அடமானம் வைத்திருந்தால் அதற்குப் பின் ரசீது ஆவணம் வந்ததா என்று தெரியும். பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். பொது அதிகார ஆவணத்தை வைத்தே கிரையம் முடிந்ததாக எண்ணும் வழக்கத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபிறகு இந்த வரிக்கு எடை கூடியிருக்கிறது.

இவ்வளவு தாளில் இருக்கிறதே, வக்கீல் எதற்கு என்று கேட்பவர் உண்டு. பதிவானதை மட்டும்தான் இந்தத் தாள் சொல்லும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வெளியூரில் இருக்கும் சகோதரியின் பங்கு, ஒத்திக்கு இருந்துகொண்டு காலி செய்யாதவர், இவர்கள் யாரும் இதில் வரமாட்டார்கள். பதிவான வரிசை ஒழுங்காக இருந்தும் நிலம் கைநழுவ வழி உண்டு. பஞ்சமி நிலம் அதற்குச் சாட்சி. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் பேரில் 1892-ல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது, பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதை மீறி எழுதிய பத்திரம் எத்தனை கை மாறிப் பதிவாகியிருந்தாலும் நிபந்தனை நிலத்தோடேயே வருகிறது. இங்கே ஏமாந்தவர் கடைசியாக வாங்கியவர் மட்டுமல்ல. முதலில் நிலத்தை இழந்த குடும்பம் அவருக்கு முன்னால் நிற்கிறது.

விலையையாவது தளங்கள் வெளிச்சமாக்கிவிட்டனவே என்பார்கள். பாதி உண்மை. திரையில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை, முடிந்த விலையல்ல. பத்திரத்தில் எழுதுகிற தொகையோ வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்பது நம் ஊர் பழைய வழக்கம். எனவே அரசுப் பதிவேடும் உண்மை விலையைச் சொல்லாது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவருக்கு ரீட் (REIT) என்ற மனை முதலீட்டு அறக்கட்டளை இருக்கிறது. செபி 2014-ல் விதி எழுதி, 2019-ல் முதல் ரீட் சந்தையில் பட்டியலாகி, 2021-ல் குறைந்தபட்ச விண்ணப்பத் தொகை பத்தாயிரம் முதல் பதினையாயிரம் ரூபாய் என்ற வரம்புக்குள் இறங்கியது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் பங்கு. பத்திரமும் பட்டாவும் பார்க்கும் வேலையை வேறொருவர் செய்கிறார். புதியவருக்கு இது நல்ல வாசல் என்றே நினைக்கிறேன். ஆனால் சொந்தமாக ஒரு மனை என்று தமிழ்க் குடும்பம் ஆசைப்படுவதற்கு அது ஈடாகாது.

அப்படியானால் அரசே உரிமைக்கு உத்தரவாதம் தந்துவிட்டால் என்ன? ஆந்திரம் முயன்றது. 2023-ல் நடைமுறைக்கு வந்த நில உரிமைச் சட்டம், ஒரே ஒரு அதிகாரியின் முடிவில் பரம்பரை நிலம் போய்விடும் என்ற அச்சத்தைக் கிளப்பித் தேர்தல் பேச்சாகி, 2024-ல் புதிய அரசு வந்ததும் ரத்தானது. அந்த அச்சத்தை வெறும் அரசியல் என்று தள்ள முடியாது; யு.டி.ஆர். பிழை ஒன்றைத் திருத்த அலைந்த எந்தக் குடும்பமும் அதைப் புரிந்துகொள்ளும். பிழையுள்ள பதிவேட்டுக்கு உத்தரவாத முத்திரை குத்தினால் பிழைக்கும் சேர்த்தே உத்தரவாதம் கிடைக்கும். ஆகவே தேடுகிற வேலை இன்னும் சில காலம் வாங்குபவர் தலையில்தான். கைபேசியில் அந்தத் தேடல் பெரும்பாலும் 1975-ல் நின்றுவிடும். அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம் வேண்டுமென்றால் மனு எழுதிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒருவர் மூலை மடிந்த அட்டவணைப் புத்தகத்தை இறக்கி, கையெழுத்தில் இருக்கும் பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துத் தேடுவார்.