பொதுச்சாலையும் பொதுப்பணமும்: திருவனந்தபுரம் மன்றங்களில் எழுந்த வினாக்கள் (1865–2021)

முன்னுரை

சாலை அமைத்தல் அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று. அதற்குச் செலவிடப்படுவது மக்களின் வரிப்பணம். ஆதலின் அச்செலவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. இன்று இயல்பாகத் தோன்றும் இவ்வுரிமை திருவனந்தபுரத்தில் எளிதாகக் கிடைத்ததன்று. சாலையில் யார் நடக்கலாம், சாலையைப் பற்றி யார் பேசலாம், சாலைக்குரிய பணத்திற்கு யார் ஒப்புதல் அளிக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்நகரில் விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. 1865ஆம் ஆண்டின் அரசு அறிவிப்பு முதல் 2021ஆம் ஆண்டின் சட்டமன்றத் தீர்மானம் வரையிலான அவ்விவாதங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘பொது’ என்பதன் பொருள்

திருவிதாங்கூரில் அரசுப் பணிகள் ‘மராமத்து’ என்னும் பெயரால் வழங்கின. அரபுமொழி வழியாக வந்த இச்சொல் பழுதுபார்த்தலைக் குறிக்கும். தி. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில் (1858–1872) இப்பணிகள் விரிவடைந்தன. வில்லியம் பார்ட்டன் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார். திருவனந்தபுரத்திலுள்ள தலைமைச் செயலகக் கட்டடமும் அவர் மேற்பார்வையில் எழுந்ததே. சாலைகள் பெருகின, வண்டிப் போக்குவரத்து வளர்ந்தது, தென்திருவிதாங்கூரின் நெல்லும் உப்பும் தலைநகரை அடைவது எளிதாயிற்று.

ஆனால், இச்சாலைகள் எல்லார்க்கும் உரியனவாக இருக்கவில்லை. வரி செலுத்தியோர் அனைவரும் அவற்றில் நடக்க இயலவில்லை. பொதுச்சாலைகள் அனைத்தும் எல்லா வகுப்பினர்க்கும் திறந்தவை என்று 1865ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. 1884ஆம் ஆண்டு அவ்வறிவிப்பு மீண்டும் வலியுறுத்தப்பட்டது. ஒரே ஆணையை இருமுறை வெளியிட நேர்ந்தமை, முதலாவது ஆணை நடைமுறைக்கு வரவில்லை என்பதைப் புலப்படுத்துகிறது.

இதன் பின்னர் நீதிமன்றம் அளித்த விளக்கம் கருதத்தக்கது. திருவிதாங்கூர் உயர்நீதிமன்றம் சாலைகளை இராஜவீதி, கிராமவீதி என இருவகைப்படுத்தியது. அரசின் அறிவிப்புகள் இராஜவீதிகளுக்கே பொருந்தும். கிராமவீதிகளுக்குப் பொருந்தா என்பது அதன் முடிவு. இதனால் ‘பொது’ என்னும் சொல் சட்டத்தில் நிலைத்திருக்க, அதன் பொருள் சுருங்கிப்போயிற்று. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893ஆம் ஆண்டு வில்வண்டியில் பொதுச்சாலையில் பயணம் செய்தமையை இப்பின்னணியிலேயே காண வேண்டும். அறிவிப்பு வெளிவந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதன்படி நடப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. சாலைச் செலவு பற்றிய முதல் வினாவை எழுப்பியவர் அவர் எனலாம். அவ்வினா சொற்களால் அன்றிச் சக்கரங்களால் எழுப்பப்பட்டது.

விண்ணப்பக் காலம்

1888ஆம் ஆண்டு எட்டு உறுப்பினர்களைக் கொண்ட சட்ட ஆலோசனைச் சபையொன்று திருவிதாங்கூரில் அமைக்கப்பெற்றது. இந்திய மன்னராட்சிப் பகுதிகளில் இத்தகைய சபை அமைந்தது இதுவே முதன்முறை. எனினும் அது சட்ட வரைவுகளைப் பரிசீலிப்பதற்கென அமைந்ததேயன்றி, மக்களின் குறைகளைக் கேட்பதற்கு அமைந்ததன்று. அக்குறையை நிரப்பத் தோன்றியது ஸ்ரீமூலம் பிரஜா சபை. அதன் முதற்கூட்டம் 1904 அக்டோபர் 22ஆம் நாள் திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்தில் திவான் வி. பி. மாதவராவ் தலைமையில் நடைபெற்றது.

தொடக்கத்தில் நிலவுடைமையாளரும் வணிகருமே இச்சபையில் இடம்பெற்றனர். ஆண்டுக்கு 100 ரூபாய்க்குக் குறையாத நிலவரி செலுத்துதல் தகுதிகளுள் ஒன்று. 1905ஆம் ஆண்டு தேர்தல் முறை வந்தது. 100 உறுப்பினர்களுள் 77 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; 23 பேர் நியமிக்கப்பட்டனர். வாக்களிக்க 50 ரூபாய் நிலவரி போதுமென்றாயிற்று.

பிரஜா சபையில் உறுப்பினர்கள் தத்தம் வட்டாரத்திற்குச் சாலை, பாலம், குளம், பள்ளி வேண்டி விண்ணப்பித்தனர். திவான் விடையளித்தார். விடையை ஏற்பதன்றி உறுப்பினர்க்கு வேறு வழியில்லை. செலவை மறுக்கவோ குறைக்கவோ சபைக்கு அதிகாரம் இல்லை. எனினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஊர்ச்சாலையின் குறை, தலைநகரில் பலர் கேட்க எடுத்துரைக்கப்பட்டு அரசின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று. தமிழில் ‘மன்றம்’ என்னும் சொல் ஊரார் கூடும் பொதுவிடத்தையும் அவையையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரு பொருளும் பொருந்தும் வண்ணம் இம்மண்டபம் விளங்கத் தொடங்கியது. 1911ஆம் ஆண்டு அய்யன்காளி இச்சபைக்கு நியமிக்கப்பட்டார். சாலையில் நடக்கும் உரிமைக்குப் போராடியவர் அதனைப் பற்றிப் பேசும் இடத்தையும் அடைந்தார். 2019ஆம் ஆண்டு அம்மண்டபத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

வாக்குரிமைக் காலம்

1921ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மூன்றாவது வினாவுக்கு வழிவகுத்தது. சட்டசபையின் உறுப்பினர் எண்ணிக்கை 50 ஆக உயர்ந்தது. அவர்களுள் 28 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கும் உரிமையும் சபைக்குக் கிடைத்தது. சாலைக்கு எவ்வளவு பணம் என்பது திவானின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததாக இல்லாமல், சபையின் ஒப்புதலுக்கும் உரியதாயிற்று.

பணத்திற்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் பெற்ற அச்சபை, சாலையைப் பொதுவாக்கும் வினாவை எவ்வாறு எதிர்கொண்டது? வைக்கம் போராட்டம் இதற்கு விடையளிக்கிறது. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் தீண்டல்பலகை நாட்டப்பட்டிருந்தது. அத்தடையை எதிர்த்து 1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாகிரகம் தொடங்கியது. ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறைப்பட்டார். இரண்டாம் முறை திருவனந்தபுரம் மத்திய சிறையில் வைக்கப்பட்டார். சாதி இந்துக்களின் ஆதரவைக் காட்ட வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையிலும், நாகர்கோவில் பகுதியிலிருந்து டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு தலைமையிலும் இரு ஊர்வலங்கள் திருவனந்தபுரத்தை அடைந்தன. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 1924 நவம்பரில் அரசப் பிரதிநிதி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது.

சாலைகளை எல்லார்க்கும் திறக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைச் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்தார். 1925 பிப்ரவரி 7ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 21 வாக்குகளும் எதிராக 22 வாக்குகளும் கிடைத்தன. ஒரே வாக்கு வேறுபாட்டில் தீர்மானம் தோற்றது. இருபத்தையாயிரம் கையொப்பங்களைவிட ஒரு வாக்கு மிகுந்த எடையுடையதாயிற்று. நியமன உறுப்பினரும் அதிகாரிகளும் அமர்ந்திருந்த அச்சபையின் அமைப்பே இம்முடிவுக்கு இடமளித்தது.

1925 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கோயிலின் கிழக்குப் பகுதி தவிர ஏனைய சாலைகள் திறக்கப்பட்டன. தடை நீடித்த பகுதியைத் தவிர்த்துச் செல்ல அரசு மாற்றுப்பாதை அமைத்தது. மக்களை ஒரு சாலையிலிருந்து விலக்கி வைப்பதற்கும் பொதுப்பணம் செலவாயிற்று என்பது இங்கு உணரத்தக்கது. அச்செலவின் கணக்கில் பிழை இல்லாதிருக்கலாம். ஆயினும் அதனைப் பொதுச்செலவு எனக் கொள்ளுதல் அரிது. எஞ்சிய தடை 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேச அறிவிப்புக்குப் பின்னரே முற்றிலும் நீங்கியது.

கணக்குக் காலம்

1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. தென்திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவனந்தபுரத்தில் அமைந்த சட்டமன்றம் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றமாகும். அரசமைப்புச் சட்டத்தின்படி மானியக் கோரிக்கைகள் மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். செலவு முடிந்தபின் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பொதுக் கணக்குக் குழு அதனை ஆராய வேண்டும். செலவுக்கு முன் ஒப்புதல், செலவுக்குப் பின் கணக்கு என்னும் இரட்டைக் காவல் இவ்வாறு அமைந்தது.

2000க்குப் பின் சாலைக்குப் பணம் திரட்டும் முறை மாறியது. கேரளச் சாலை நிதிச் சட்டம் 2001ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. திருவனந்தபுரம் நகரின் சுமார் 42 கிலோமீட்டர் சாலைகளை மேம்படுத்தும் பணி 2004ஆம் ஆண்டு தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனம் பணம் முதலிட்டுச் சாலை அமைக்கும்; அரசு பதினைந்து ஆண்டுகள் தவணை முறையில் அத்தொகையைத் திருப்பிச் செலுத்தும். நிலத்தைக் கையகப்படுத்தித் தருவதில் ஏற்பட்ட தாமதத்தால் பணி நீண்டது. இழப்பீடு கோரும் வழக்கு நடுவர் மன்றம் சென்றது. இம்முறையில் சாலையை மக்கள் முன்னரே பெறுகின்றனர். ஆனால், கடமையைப் பின்வரும் சட்டமன்றங்கள் ஏற்கின்றன. ஓர் அரசு கையெழுத்திட, மற்றோர் அரசு பணம் செலுத்துகிறது. பொறுப்புக் கூற வேண்டியவர் யார் என்பது தெளிவற்றுப் போகிறது.

கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தில் இச்சிக்கல் பெரிய அளவில் வெளிப்பட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இவ்வாரியம் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வலுப்பெற்றது. மோட்டார் வாகன வரியின் ஒரு பங்கும் எரிபொருள் மீதான மேல்வரியும் அதற்கு ஒதுக்கப்பட்டன. மலையோர நெடுஞ்சாலை, கடலோர நெடுஞ்சாலை முதலிய திட்டங்கள் இவ்வாரியத்தின் நிதியைச் சார்ந்தவை. 2019ஆம் ஆண்டு வெளிநாட்டுச் சந்தையில் மசாலா பத்திரங்கள் வழி 2,150 கோடி ரூபாயை அது திரட்டியது.

வாரியத்தின் கடன்கள் வரவு செலவுத் திட்டத்திற்கு வெளியே நிற்பவை; அரசமைப்பின் 293ஆம் பிரிவு விதிக்கும் வரம்பைக் கடப்பவை என்று 2018–19ஆம் ஆண்டு நிதி குறித்த தணிக்கை அறிக்கை சுட்டியது. வாரியம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அமைந்த தனி நிறுவனம். அரசின் விளக்கத்தைக் கேளாமலேயே இக்குறிப்பு சேர்க்கப்பட்டது என்று அரசு மறுத்தது. 2021 ஜனவரி 22ஆம் நாள் அறிக்கையின் அப்பகுதியை நிராகரிக்கும் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பொதுக் கணக்குக் குழு ஆராய்வதற்கு முன்னரே இவ்வாறு செய்தல் முறையன்று என எதிர்க்கட்சி வாதிட்டது. மாநிலக் கடன் வரம்பு பற்றிய வழக்கை 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மைய அரசு விதிக்கும் கடன் வரம்பு மாநிலத்தின் வளர்ச்சிப் பணிகளைச் சுருக்குகிறது என்பது மெய். மன்றத்தின் ஆண்டு ஒப்புதலுக்கு வராத கடனை வரும் தலைமுறையின் வரியே தீர்க்க வேண்டும் என்பதும் மெய். எனவே கடன் வாங்கலாமா என்பதினும், அதுபற்றி எங்கு, எப்போது கேட்கலாம் என்பதே அடிப்படை வினா ஆகிறது.

முடிவுரை

1925, 2021 ஆகிய இரு ஆண்டுகளின் தீர்மானங்களை ஒப்பிட்டால் ஒரு முடிவு கிடைக்கிறது. முன்னதில் சபைக்குப் பணத்தின் மீது வாக்குரிமை இருந்தது. ஆயினும் சாலை பொதுவாகவில்லை. பின்னதில் சாலை எல்லார்க்கும் பொது. மன்ற உறுப்பினர் ஏறத்தாழ அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் கணக்குப் பற்றிய வினா, குழுவின் ஆய்வுக்குச் செல்லுமுன்னரே பெரும்பான்மையால் முடித்துவைக்கப்பட்டது. இரண்டும் ஒரே தன்மையன அல்ல. முன்னது மனித உரிமையை மறுத்தது. பின்னது நடைமுறை பற்றியது. ஆனால் பெரும்பான்மை வாக்கு ஒன்றே பொறுப்புடைமை ஆகாது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

சாலையில் நடக்கும் உரிமை, அதனைப் பற்றிப் பேசும் உரிமை, அதற்கான பணத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமை ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்பன அல்ல. ஒன்று குறைந்தால் ஏனைய இரண்டும் வலுவிழக்கும். வரவு செலவுத் திட்டத்திற்கு வெளியே திரட்டப்படும் சாலைக் கடன்களையும் ஆண்டுதோறும் மன்றத்தின் முன் வைத்து விவாதித்தலே, திருவனந்தபுரம் 1921ஆம் ஆண்டு பெற்ற உரிமையை முழுமையாக்கும் வழியாகும். பிரஜா சபைக்கு விண்ணப்பத்துடன் வந்த உறுப்பினர்க்குத் திவானின் விடையை மறுக்கும் உரிமை இருக்கவில்லை. இன்றைய உறுப்பினர்க்கு அது உண்டு. அதனைப் பயன்படுத்துதல் அவர்தம் கடமையாகும்.