சீனத் துறவியும் குரங்குச் சீடனும்

திருப்பனந்தாள் காசித் திருமடத்தைப் பற்றிப் பேசுவோர் குமரகுருபரரை நினையாமல் இருப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அவர் காசிக்குச் சென்றார். வடநாட்டு மொழியைக் கற்றார். அங்கே மடம் நிறுவினார். அம்மடமே பிற்காலத்தில் இவ்வூரில் நிலைகொண்டது. இது வரலாறு. ஆயினும் மக்கள் மனத்தில் முதலில் எழுவது, அவர் சிங்கத்தின் மீதேறி முகலாயரின் அவைக்குள் நுழைந்த கதைதான். தொலைதூரம் சென்ற துறவியைச் சுற்றிக் கதை படர்வது எங்கும் நிகழ்வதே. அவ்வாறு படர்ந்தவற்றுள் மிகப் பெரிய கதை சீனத்தில் உள்ளது. அதன் நாயகர் நம் காஞ்சிபுரத்திற்கு வந்தவர் என்பதால், அது நமக்கு முற்றிலும் அயலானதன்று.

சீனர் தம் பழைய நெடுங்கதைகளுள் நான்கினைத் தலைசிறந்தவையாகப் போற்றுவர். 'மூன்று அரசுகளின் கதை', ஹான் பேரரசு சிதைந்த காலத்துப் போர்களையும் வஞ்சகங்களையும் விரித்துரைப்பது. 'நீர்க்கரை' என்பது, சதுப்பு நிலத்தில் அடைக்கலம் புகுந்த 108 கலகக்காரரின் கதை. 1791-இல் அச்சேறிய 'சிவப்பு மாளிகைக் கனவு', செல்வக் குடும்பம் ஒன்று மெல்லத் தேய்வதைக் கூறுகிறது. நான்கிலும் ஆழமானது இதுவே என்பது என் எண்ணம், ஆனால் அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். எஞ்சியது 'மேற்கு நோக்கிய பயணம்'. நூறு அதிகாரங்கள் கொண்ட இந்நூல் 1592-இல் நான்ஜிங் நகரில் அச்சாயிற்று. வூ செங்கென் என்பவர் இதனை இயற்றியதாகப் பொதுவாகக் கொள்வர். நம் மத்தேயு ரிச்சி அடிகளார் அப்போது சீனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால், காலம் நமக்குச் சற்றே தெளிவாகும்.

கதைக்கு வித்திட்ட யுவான் சுவாங், 629-ஆம் ஆண்டளவில், எல்லை கடக்கலாகாது என்ற அரசாணையை மீறித் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார். தாம் கற்ற சமய நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டதே அவரை உந்திய காரணம். மூலத்தைக் கண்டே தீர வேண்டும் என்ற தாகம் அது. மறைநூலைக் கற்போர் எவரும் இத்தாகத்தை உணர்வர். பாலைவனத்தைக் கடந்து வந்து நாலந்தாவில் சீலபத்திரரிடம் பயின்றார். 640-ஆம் ஆண்டளவில், முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட நாளில், காஞ்சியை அடைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும் இந்நாட்டில் இருந்ததாக அவர் எழுதிவைத்தார். மக்கள் வாய்மையையும் கல்வியையும் போற்றுவோர் என்றும் பாராட்டினார். இலங்கை செல்ல எண்ணியிருந்தவர், அங்கே மன்னர் இறந்து பஞ்சமும் சூழ்ந்ததை அந்நாட்டுத் துறவியரிடம் கேட்டறிந்து, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 645-இல் 657 நூல்களோடு தாயகம் சேர்ந்தார். 664-இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பே அவரது தொழில்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த நெடுங்கதையில் காஞ்சி இல்லை. அஞ்சா நெஞ்சரான அத்துறவியும் இல்லை. கதையின் துறவி நல்லவர்; ஆனால் எளிதில் கலங்குபவர், பொய்யரை நம்பி உண்மையான சீடனைக் கடிந்துகொள்பவர். அவரைக் காக்கும் தலைமைச் சீடன் சுன் வூகோங் என்னும் குரங்கு. விண்ணுலகையே கலக்கிய குற்றத்திற்காக 500 ஆண்டுகள் மலையடியில் கிடந்து, துறவியால் விடுதலை பெற்றவன். உணவையும் உறக்கத்தையும் கண்டால் பயணத்தையே மறந்துவிடும் பன்றி ஒருவன், வாய் பேசாது சுமை தாங்கும் மற்றொருவன், குதிரையாக மாறிய பறவைநாக இளவரசன் ஆகியோர் பிற துணைவர். குருவையும் சீடரையும் குதிரையையும் ஒருசேரக் காணும்போது நமக்குப் பரமார்த்த குரு நினைவுக்கு வருவார். ஏலாக்குறிச்சியைத் தம் பணித்தளமாகக் கொண்ட வீரமாமுனிவருக்கு இச்சீனக் கதை தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. அவர் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதிய அதே 1728-இல், அவரது சபையைச் சேர்ந்த பிரெமார் அடிகளார் சீனத்தில் ஒரு மொழிநூலை முடித்தார். பேச்சு நடைக்கு அவர் சான்று தேடியது நெடுங்கதைகளிலும் நாடகங்களிலும்தான். கற்றோர் இழிவாக எண்ணிய நடையை இருவரும் இழிவாக எண்ணவில்லை.

குரங்கு யார்? அனுமன்தான் என்று சொல்ல நம் நா துடிக்கும். 1920களில் ஹு ஷி என்னும் சீன அறிஞரே அவ்வாறு கருதினார். லூ சுன் அதனை ஏற்காமல், சீனத்துப் பழைய நீர்ப்பூதக் கதையைச் சுட்டினார். தமிழருக்கு ஆவலூட்டும் செய்தி ஒன்று உண்டு. சீனக் கடற்கரையில் உள்ள சுவான்சௌ துறைமுகத்தில் கையுவான் ஆலயத்தின் மேற்குக் கோபுரம் 1237-இல் முடிக்கப்பெற்றது. அதில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவன் செதுக்கப்பட்டுள்ளான். அதே நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281-இல் மன்னரின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. நம் வணிகர் அங்கே கோயில் கொண்டனர். அவர்தம் நாட்டினர் வந்துபோன நாகப்பட்டினத்தில், 'சீனக் கோயில்' என மக்கள் அழைத்த பழைய கோபுரம் ஒன்று நெடுங்காலம் நின்றது. 1867-இல் இயேசு சபைக் குருக்கள் அரசின் இசைவோடு அதனை இடித்தார்கள். இன்று அதனை வருத்தத்தோடுதான் எழுத முடிகிறது. இவ்வளவு நெருக்கம் இருந்தும், குரங்குச் சிற்பத்தைத் தமிழர் கொண்டுசென்றனர் என்பதற்கு இவை சான்றாகா. அண்மை வேறு, ஆதாரம் வேறு. பெருமைக்காக வரலாற்றை வளைத்தல் தகாது.

கதையின் இறுதிப் பகுதியே என்னை மீண்டும் மீண்டும் ஈர்ப்பது. எத்தனையோ இடர் கடந்து புத்தரின் திருமுன் வந்தவர்களிடம், ஏடுகளை வழங்கும் சீடர் இருவர் கையூட்டுக் கேட்கின்றனர். கொடுக்க மறுத்ததால் எழுத்தே இல்லாத வெற்றேடுகள் கட்டித் தரப்படுகின்றன. வழியில் அவிழ்த்துப் பார்த்து, திரும்பி வந்து முறையிட்டால், புத்தர் சிரிக்கிறார். வெற்றேடுகளே மெய்யான மறை, ஆனால் கீழ்த்திசை மக்களுக்கு அது புரியாது என்கிறார். பேரரசர் தந்த பொற்கலத்தைக் கொடுத்த பின்னரே எழுத்துள்ள ஏடுகள் கிடைக்கின்றன. திருத்தலத்தின் வாசலிலும் கையேந்தி நிற்போரை ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார் போலும்!

இதற்குப் பின் வருவது ஆறு. வரலாற்று யுவான் சுவாங் சிந்து நதியைக் கடந்தபோது புயலில் படகு ஆட, 50 சுவடிகளை நீரில் இழந்தார். அவர் வாழ்க்கை வரலாறு இதனைக் கூறி அப்பால் செல்கிறது. ஆடிப் பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட நமக்கு இவ்விழப்பின் சுமை தெரியும். நெடுங்கதையோ இதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறது. போகும் வழியில் முதிய வெள்ளை ஆமை ஒன்று அவர்களைச் சுமந்து அக்கரை சேர்த்திருந்தது. தனக்கு எப்போது விடுதலை கிட்டும் என்று புத்தரிடம் கேட்டு வருமாறு அது வேண்டியது, துறவியும் வாக்களித்தார். திரும்பும்போது ஆமை அதனைக் கேட்கிறது. துறவியோ புத்தரிடம் கேட்க மறந்துபோனார். பொய் சொல்ல மனமின்றி அவர் மௌனம் காக்க, ஆமை நீரில் மூழ்கிவிடுகிறது. நனைந்த ஏடுகளைப் பாறைமேல் உலர்த்துகின்றனர். எடுக்கும்போது சில ஒட்டிக்கொண்டு கிழிகின்றன. துறவி வருந்த, விண்ணும் மண்ணுமே முழுமையற்றவை என்று குரங்கு அவரைத் தேற்றுகிறது.

ஆங்கிலம் அறிந்த வாசகர் அந்தோணி யூ 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பைப் படிக்கலாம். அவ்வளவு பொழுது இல்லாதவர்க்கு 1942-இல் வெளிவந்த ஆர்தர் வேலியின் சுருக்கம் உண்டு. ஆமையும் ஆறும் அதிலும் இடம்பெறுகின்றன.