ஐந்தாவது தந்தி வந்த கதை



தோட்டத்துத் திருவிழாவில் உருமி மேளம் முழங்க நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஊர்வலம் இன்னும் லயத்துப் பக்கம் திரும்பியிராது. பாடுகிறவர்களின் குரலும் காதில் விழாது. ஆனால் உருமியின் அடிக்குரல் மட்டும் செம்பனை மரங்களைத் தாண்டி வந்து நம் நெஞ்சைத் தொட்டுவிடும். தாழ்ந்த ஒலிக்கு அந்த ஆற்றல் உண்டு. அது நெடுந்தொலைவு செல்லும்; காதில் விழுவதோடு நிற்காமல் உடம்பிலும் அதிரும்.

நம் பிள்ளைகள் பலர் இன்று விரும்பிக் கேட்கும் மெட்டல் இசையிலும் இத்தகைய அடிக்குரல் ஒன்று இருக்கிறது. அதைத் தருவது பேஸ் கித்தார் என்னும் கருவி. ஒரு பிள்ளை தன் தந்தையிடம் வந்து, "அப்பா, எனக்கு ஐந்து தந்தி பேஸ் கித்தார் ஒன்று வேண்டும்" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "நாலு தந்தியில் மலிவாகக் கிடைக்கிறதாமே, அது போதாதா?" என்றுதான் தந்தை திருப்பிக் கேட்பார். அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போக மிஞ்சுகிற பணம் அல்லவா? அவர் கேட்பதில் தவறே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், ஐந்தாவது தந்தி எப்படி வந்தது, ஏன் வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தவர் கடையில் எளிதில் ஏமாறமாட்டார்.

முதலில் நாலு தந்தியின் கதையைப் பார்ப்போம். மேல்நாட்டு இசைக்குழுக்களில் அடிக்குரலைத் தருவதற்கு டபுள் பேஸ் என்ற பெரிய மரக்கருவி இருந்தது. ஓர் ஆள் உயரம் இருக்கும். பெரும்பாலும் நின்றுகொண்டே வாசிப்பார்கள். பேருந்தில் ஏற்றவும் முடியாது. முரசுகள் முழங்கும்போது அதன் ஒலி வெளியே கேட்கவும் செய்யாது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே மின்சாரத்தில் ஒலிக்கும் சிறிய பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். ஆயினும் அது பரவவில்லை.

அதைப் பரவச் செய்தவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர். புல்லர்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை நடத்தினார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனால் வாசிப்பவர்களின் குறைகளைப் பொறுமையாகக் கேட்டார். 1951-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். வீணையில் இருப்பதுபோல அதற்கு மெட்டுகள் இருந்தன. ஆகவே விரல் சற்று விலகினாலும் சுரம் பிசகாது. அதனால்தான் அதற்குத் துல்லியம் என்று பொருள்படும் பிரிசிஷன் என்ற பெயரை வைத்தார். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தந்திகள் நான்கு: இ, ஏ, டி, ஜி. மிகத் தாழ்ந்த 'இ' தந்தி விநாடிக்கு 41 முறை அதிரும்.

இனி நாம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்குச் செல்வோம். அது இரும்புத் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். அங்கே ஆஸ்டன் என்ற பாட்டாளிகள் வட்டாரத்தில் டோனி அயோமி என்ற இளைஞர் இருந்தார். உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை, மாலையில் கித்தார். இசையையே தொழிலாகக் கொள்ள முடிவு செய்து, வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், 1965-ஆம் ஆண்டு, தம் 17-ஆம் வயதில், அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் சிக்கித் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். எனவே தந்திகளை அழுத்தும் கை அந்த வலக்கைதான். இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள்.

வேலை செய்யும் கையின் அருமையைப் பால்வெட்டுக் கத்தியும் அரிவாளும் பிடித்த நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இளைஞர் மனம் உடைந்துபோனார். அப்போது அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ஆம் ஆண்டு ஒரு தீ விபத்தில் கை வெந்து, இரண்டு விரல்கள் சரிவர இயங்காமல் போன பிறகும் புகழ்பெற்ற கித்தார் கலைஞர் அவர். அந்த இசை அயோமிக்கு உயிர் கொடுத்தது. பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கி விரல்களுக்குத் தாமே உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். விரல் நோகாமல் இருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிறகு அந்தத் தந்திகளையும் தளர்த்திச் சுருதியை இறக்கினார்.

அவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய குழுதான் பிளாக் சபாத். 1970-ஆம் ஆண்டு அதன் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த மூன்றாவது இசைத்தட்டில், பல பாடல்களில், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கியிருந்தது. பேஸ் வாசித்த கீசர் பட்லரும் தம் தந்திகளை அவ்வாறே இறக்கினார். கனத்த, இருண்ட அந்த ஒலியே மெட்டல் இசைக்கு அடித்தளமாயிற்று. அடிபட்ட ஒரு தொழிலாளியின் விரலுக்கு இதம் தேடிய வழி, பின்னாளில் உலகமெங்கும் ஓர் இசைப் பாணியாக நிலைத்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. லயத்து வாசலில் கட்டியிருக்கும் துணிக்கொடியை நினைத்துப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய கயிற்றைச் சுண்டினால் விண்ணென்று அதிரும். தளர்ந்த கயிறு தொய்ந்து ஆடும், ஒலி எழாது. கித்தார் தந்தியும் அப்படித்தான். மூன்று அரைச்சுரம் இறக்கினால் தந்தியின் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். ஐந்து அரைச்சுரம் இறக்கினால் ஏறக்குறைய பாதி போய்விடும். அப்போது தந்தி மெட்டுகளில் மோதிக் கரகரக்கும். சுரம் தெளிவாக நிற்காது. ஆகவே தாழ்ந்த சுரம் வேண்டுமானால் தந்தியைத் தளர்த்துவது மட்டும் போதாது. கனமான தந்தி வேண்டும். முடிந்தால் நீளமும் சற்றுக் கூட வேண்டும்.

இதற்கு விடையாக வந்ததே ஐந்தாவது தந்தி. பெண்டர் நிறுவனம் 1965-ஆம் ஆண்டிலேயே ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அதில் கூடுதலாக வைத்தது மேல் சுரத் தந்தி. வாங்குவார் குறைந்து, சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1975-ஆம் ஆண்டு அந்தனி ஜாக்சன் என்ற அமெரிக்கக் கலைஞர், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஆறு தந்திகள் கொண்ட பேஸ் கித்தாரைத் தமக்கெனச் செய்வித்தார். 1976-ஆம் ஆண்டில் ஜிம்மி ஜான்சன் என்ற மற்றொரு கலைஞர், தம் ஐந்து தந்திக் கருவியில் மேல் தந்திக்குப் பதிலாகக் கீழே 'பி' தந்தியைப் பூட்டினார். அவருடைய தந்தை ஓர் இசைக்குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர். அந்தப் பெரிய கருவியில் கீழ்த் தந்தி ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் முன்பே இருந்தது. இந்த 'பி' தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 31 முறைதான் அதிரும்.

அந்நாளில் இவையெல்லாம் கைத்தேர்ந்த வினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்தவை. விலை சாதாரண மக்களுக்கு எட்டாது. 1980-களில் யமஹா, மியூசிக் மேன் முதலிய நிறுவனங்கள் இவற்றைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கின. 1990-ஆம் ஆண்டு ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனம் ஏழு தந்திக் கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994-ஆம் ஆண்டு கோர்ன் என்ற அமெரிக்கக் குழு அத்தகைய கித்தார்களோடு ஐந்து தந்தி பேஸையும் சேர்த்து முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன்பின் மெட்டல் இசையில் ஐந்தாவது தந்தி ஒரு வழக்கமாகவே ஆயிற்று. உற்பத்தி ஜப்பானிலிருந்து கொரியாவுக்கும், பிறகு இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் பரவியது. விலையும் இறங்கியது. இன்று நம் பிள்ளை கேட்கும் கருவி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த இசைக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூரில் 1992-ஆம் ஆண்டு தோன்றிய ருத்ரா என்ற மெட்டல் குழுவை நடத்திவரும் கதிர், பாடுவதோடு பேஸ் கித்தாரும் வாசிப்பவர்.

சரி, கடைக்குப் போவோம். இப்போது வரலாறு நமக்குக் கைவிளக்காக இருக்கும்.

முதற்கேள்வி: ஐந்து தந்தி உண்மையில் வேண்டுமா? பிள்ளை வாசிக்க விரும்பும் பாடல்கள் எந்தச் சுருதியில் உள்ளன என்று கேளுங்கள். 'இ' சுருதியிலேயே இருந்தால் நாலு தந்தி தாராளமாகப் போதும். எல்லாப் பாடல்களும் மிகத் தாழ்ந்த சுருதியிலேயே இருந்தாலும் ஒரு சிக்கன வழி உண்டு. நாலு தந்திக் கருவியில், ஐந்து தந்திக் கட்டிலுள்ள கனமான நான்கை மட்டும் பூட்டி, பி, இ, ஏ, டி என்று சுருதி கூட்டலாம். தலைப்பக்கத்துப் பள்ளங்களைச் சற்று அகலமாக்கி, மற்றச் சரிப்படுத்தல்களையும் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது. தாழ்ந்த சுரமும் மேல் சுரமும் இரண்டுமே வேண்டும் என்றால்தான் ஐந்து தந்தி தேவை.

இரண்டாவதாக, ஐந்தாவது தந்தியைச் சோதியுங்கள். மலிவான கருவிகளில் குறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மின்சாரத்தில் இணைப்பதற்கு முன்பே 'பி' தந்தியை மீட்டிப் பாருங்கள். சுரம் நின்று ஒலிக்க வேண்டும்; தொப்பென்று விழக்கூடாது. அதன் ஐந்தாவது மெட்டில் அழுத்தினால் வரும் சுரமும், பக்கத்திலுள்ள 'இ' தந்தியின் வெறுஞ்சுரமும் ஒன்றுதான். இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், அந்தக் கருவியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நீளம் 34 அங்குலம் இருந்தால் போதும். 35 அங்குலமாக இருந்தால், அதே தந்திக்கு இழுவிசை நூற்றுக்கு ஆறு பங்கு கூடும். ஆனால் விரல்களை இன்னும் அகட்ட வேண்டும். தந்தியின் கனம் 0.130 அங்குலம் அளவில் இருப்பது நல்லது.

மூன்றாவதாக, கழுத்தைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பதுபோல நீளவாக்கில் பாருங்கள். மிகச் சிறிய வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக்கூடாது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் மரத்தை அசைப்பவை. பழைய கருவி வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, பிள்ளை அதை மாட்டிக்கொண்டு நிற்கட்டும். கையை எடுத்தால் கழுத்து கீழே சாய்கிறதா? தோள் வலிக்கிறதா? ஐந்து தந்திக் கழுத்து அகலமானது. சிறிய கை உள்ளவர்களுக்குத் தந்திகள் நெருக்கமாக உள்ள கருவி எளிது.

ஐந்தாவதாக, சில கருவிகளுக்குள் 9 வோல்ட் மின்கலம் இருக்கும். வாசித்து முடித்ததும் கம்பியைக் கழற்றாவிட்டால் மின்கலம் வீணாகும். மின்கலம் இல்லாத கருவியும் நல்லதே. அதனால் தரம் குறைந்துவிடாது.

கடைசியாக, கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். பேஸுக்கென்று செய்த சிறிய ஒலிபெருக்கி ஒன்று வேண்டும். சாதாரணக் கித்தார் ஒலிபெருக்கியில் பேஸை உரக்க ஒலிக்கவிட்டால் அது கெட்டுப்போகலாம். காதில் மாட்டிக் கேட்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அண்டை வீட்டார்க்கும் நிம்மதி. யமஹா, ஐபனெஸ், பெண்டரின் மலிவு வரிசையான ஸ்கொயர் ஆகியவற்றில் தொடக்கநிலைக் கருவிகள் உண்டு. ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே பெயருள்ள இரண்டு கருவிகளில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று சுமாராகவும் இருக்கலாம். பளபளக்கும் வண்ணத்துக்கும் கூரிய வடிவத்துக்கும் கொடுக்கும் வெள்ளியால் ஒரு சுரமும் கூடுதலாக ஒலிக்காது.

நேயர்களே, பேஸ் வாசிப்பவரைக் கூட்டம் அதிகம் கவனிப்பதில்லை. பாடுகிறவரையும் கித்தார் வாசிப்பவரையுமே எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் அந்த அடிக்குரல் நின்றுவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடும். கண்ணில் படாமல் கீழே நின்று தாங்குகிற உழைப்பு எப்படிப்பட்டது என்பதை நம் வீடுகளில் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பிள்ளை அடுத்த முறை கேட்கும்போது, "எதற்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கூடவே கடைக்குச் செல்லுங்கள். அந்த ஐந்தாவது தந்தியை நீங்களும் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். அது நன்றாக ஒலிக்கிறதா இல்லையா என்பதை, உருமி கேட்டு வளர்ந்த உங்கள் நெஞ்சே சொல்லிவிடும்.